மறுபடி வந்தால்தான் பாடம்: மொரீசியஸ் சமூகப் பண்ணையில் ஐந்தாம் வகுப்பின் ஒரு பருவம்

மொரீசியஸ் தீவின் கிழக்கே, ஃபிளாக் மாவட்டத்தில், இரண்டு கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே, ஊர்க் குடும்பங்கள் சில சேர்ந்து நடத்தும் காய்கறிப் பண்ணை ஒன்று இருக்கிறது. எங்கள் தொடக்கப் பள்ளியின் ஐந்தாம் வகுப்புக் குழந்தைகள் ஓர் ஆண்டு அங்கே ஒரே ஒரு காலைப் பொழுது போய்வந்தார்கள். மறு ஆண்டின் ஐந்தாம் வகுப்பு, ஆகஸ்டு முதல் நவம்பர் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய் அங்கே வேலை செய்தது. இந்த இரண்டு அனுபவங்களையும் அருகருகே வைத்து, எதில் குழந்தைகள் கற்றார்கள், எதில் கற்கவில்லை, ஏன் என்பதை இங்கே ஆராய்கிறேன். நான் அந்தப் பள்ளியில் தமிழ் கற்பிப்பவள். பண்ணையில் எனக்கும் ஒரு பாத்தி உண்டு. இரண்டு திட்டங்களையும் வகுத்தவர்களுள் ஒருத்தி என்பதால், கீழே சொல்லும் தவறுகளில் என் பங்கு பெரிது.

‘செயல்வழிக் கற்றல்’ என்ற சொல் தமிழ்நாட்டு வாசகர்களுக்குப் புதிதன்று. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007 வாக்கில் மாநிலமெங்கும் தொடக்கப் பள்ளிகளில் பரவிய அந்த முறையில், கற்றல் அட்டைகள் குழந்தையை அதனதன் வேகத்தில் படிப்படியாக நகர்த்தின. நாங்கள் அந்தச் சொல்லைக் கடன் வாங்கிக்கொண்டோம். ஆனால் மண்ணில் செய்யும் செயலுக்கு ஒரு கடுமை இருப்பதைத் தொடக்கத்தில் எண்ணிப் பார்க்கவில்லை. அட்டையில் தவறிய குழந்தை அதே அட்டையை மறுபடி எடுக்கலாம். தண்ணீர் காணாத நாற்று திங்கட்கிழமைக்குள் காய்ந்துவிடும்.

நிலமும் அதன் நினைவும்

மொரீசியஸில் பயிரிடும் நிலத்தின் பெரும்பகுதி இன்றும் கரும்புதான். ஐரோப்பிய ஒன்றியம் சர்க்கரைக்குக் கொடுத்துவந்த உறுதி விலையை 2006க்கும் 2009க்கும் இடையே படிப்படியாக 36 விழுக்காடு குறைத்தபோது, சிறு நிலக்காரர்கள் பலருக்குக் கரும்பு கட்டுப்படியாகாமல் போயிற்று. நிலங்கள் ஆங்காங்கே தரிசாயின. எங்கள் பண்ணையும் அப்படிக் கைவிடப்பட்ட ஒரு துண்டு நிலம்தான். அதன் ஓரத்தில் கருங்கற்களைக் கோபுரம் போல அடுக்கிய குவியல் ஒன்று நிற்கிறது. தீவின் எரிமலை மண்ணிலிருந்து கற்களைப் பொறுக்கி ஒதுக்கினால்தான் கரும்பு நட முடியும் என்பதால், தலைமுறை தலைமுறையாகக் கைகளால் அடுக்கப்பட்டவை இத்தகைய குவியல்கள். இன்றும் கரும்புக் கொல்லைகளின் நடுவே அவற்றைப் பார்க்கலாம். பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலேயே புதுச்சேரிப் பக்கத்திலிருந்து தமிழ்க் கைவினைஞர்கள் இங்கே வந்துவிட்டார்கள் என்றாலும், பெருங்கூட்டமாக இந்தியர் வந்தது 1834க்குப் பிறகு, ஒப்பந்தக் கூலிகளாகத்தான். அடுத்த எண்பது தொண்ணூறு ஆண்டுகளில் போர்ட் லூயி துறைமுகத்தில் இறங்கியவர்கள் ஏறத்தாழ 4,50,000 பேர். அவர்கள் படியேறி வந்த பழைய இறங்குதுறையான ஆப்பிரவாசி காட் 2006இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாயிற்று.

இந்த வரலாற்றைச் சொல்லக் காரணம் உண்டு. பண்ணைத் திட்டத்துக்கு வந்த முதல் எதிர்ப்பு இதிலிருந்துதான் கிளம்பியது. மாதம் இருமுறை குழந்தைகள் பண்ணையில் வேலை செய்வார்கள் என்று பெற்றோர் கூட்டத்தில் அறிவித்தபோது, ஒரு தாய் எழுந்து, “எங்கள் பாட்டி கரும்பு வெட்டினார், அம்மா களை பறித்தார், என் மகள் மண்ணில் கைவைக்க வேண்டாம் என்றுதானே பள்ளிக்கு அனுப்புகிறேன்” என்று கேட்டார். கூட்டத்தில் பலர் தலையசைத்தார்கள். இதற்கு ஒரு பதிலைத் தயாராக வைத்திருக்க வேண்டும் என்பதே எங்களுக்குத் தோன்றியிருக்கவில்லை. பண்ணைக்குப் போகும் குழந்தை மகிழ்ச்சி அடையும் என்று எல்லாத் திட்டக் குறிப்புகளிலும் எழுதியிருக்கிறது. மண் சிலருடைய வீட்டில் அவமானத்தின் பெயர் என்பது எந்தக் குறிப்பிலும் இல்லை. நகரத்துப் பள்ளி ஒன்றுக்குப் பண்ணை ஒரு புதுமை. கரும்புக் கொல்லையிலிருந்து ஒரே தலைமுறைக்கு முன்பு வெளியேறிய குடும்பத்துக்கு அது திரும்பிப் போகக் கூடாத இடம். இந்த அச்சத்தை அறியாமை என்று ஒதுக்குவது தவறு. அது உழைத்துத் தேய்ந்த உடம்புகளிலிருந்து வந்த அறிவு.

அந்தக் கேள்விக்கு நாங்கள் சொற்களால் கொடுத்த பதில் யாரையும் நிறைவுசெய்யவில்லை. பிறகு இரண்டு ஏற்பாடுகள் செய்தோம். பண்ணையில் ஒவ்வொரு குழந்தையும் கையில் குறிப்பேடு வைத்திருக்க வேண்டும், அளக்காமலும் எழுதாமலும் எந்த வேலையும் செய்யக் கூடாது என்பது ஒன்று. கேள்வி கேட்ட அந்தத் தாயையே முதல் நாள் உடன்வர அழைத்தது மற்றொன்று. அவர் வந்தார். தன் மகள் குனிந்து மண்ணைத் தொட்டபோது அவர் முகம் இறுகியதை நான் பார்த்தேன். மகள் நிமிர்ந்து மண்ணின் ஈரத்தைப் பற்றி எழுதத் தொடங்கியதையும் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் வருகைக்கு யாரும் அழைக்காமல் தானே வந்தார்.

முதல் ஆண்டு: ஒரு காலைப் பொழுது

முதல் ஆண்டு நாங்கள் செய்தது பெரும்பாலான பள்ளிகள் செய்வதுதான். 34 குழந்தைகளை வரிசையாக நடத்திப் போய், இரண்டரை மணி நேரம் பண்ணையைச் சுற்றிக் காட்டினோம். பண்ணைக்காரர் ஒருவர் ஒவ்வொரு பாத்தியின் அருகிலும் நின்று விளக்கினார். முன்வரிசைக் குழந்தைகள் கேட்டார்கள், பின்வரிசையில் இருந்தவர்களுக்குக் காது எட்டவில்லை. முடிவில் ஆளுக்கொரு நாற்றைக் காகிதக் கோப்பையில் வைத்துக் கொடுத்து அனுப்பினோம். குழந்தைகள் மகிழ்ச்சியாகத்தான் இருந்தார்கள். இடையே ஒரு பையன் இலைக்கு அடியிலிருந்த மஞ்சள் குளவிக் கூட்டில் கைவைத்துக் கொட்டுப்பட்டான். இரண்டு பெண் குழந்தைகள் பெரிய நத்தைகளை வெறுங்கையால் எடுத்து விளையாடியதை நாங்கள் தாமதமாகத்தான் கண்டோம்.

ஒரு வாரம் கழித்து, பரங்கிக்காய் எங்கே, எப்படிக் காய்க்கிறது என்று வரையச் சொன்னேன். பரங்கிக் கொடியின் அருகே பத்து நிமிடம் நின்றிருந்த குழந்தைகள் அவர்கள். பாதிக்கு மேற்பட்டோர் மரத்தில் காய் தொங்குவதாக வரைந்திருந்தார்கள். கொடியை வரைந்தவர்களிலும் பூவை வரைந்தவர் இருவரே; பூவையும் காயையும் ஒரே காம்பில் வரைந்தவர் ஒருவருமில்லை. வீட்டுக்குக் கொண்டுபோன நாற்றுகளைப் பற்றிக் கேட்டபோது, பெரும்பாலானவை அந்த வாரத்திலேயே வாடிவிட்டதாகச் சொன்னார்கள். அந்த ஓவியங்களை நான் இன்னும் வைத்திருக்கிறேன். இந்த ஆய்வின் முதல் சான்று அவைதான்.

குழந்தைகள் பார்த்தது ஒரு நாளின் பண்ணை. செடி என்பதோ நாட்களின் ஊடே நடக்கும் ஒன்று. விதையையும் காயையும் ஒரே காலையில் தனித்தனிப் பாத்திகளில் காட்டி, இது அதுவாயிற்று என்று சொன்னால், நடுவே நடந்ததைக் குழந்தை நம் வாய்ச்சொல்லை நம்பித்தான் ஏற்க வேண்டியிருக்கிறது. அதற்கு வகுப்பறையே போதுமே என்று அன்று தோன்றியது.

இரண்டாம் ஆண்டு: மாற்றியமைத்த விதம்

மறு ஆண்டு முப்பத்தாறு பேர் கொண்ட வகுப்பைப் பன்னிருவர் கொண்ட மூன்று குழுக்களாகப் பிரித்தோம். ஒவ்வொரு குழுவுக்கும் நிலையான இரண்டு மேட்டுப்பாத்திகளும் ஒரு பந்தலும் ஒதுக்கி, ஆறு வருகைகளுக்குத் திட்டமிட்டோம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். எச்சரிக்கை வந்தால் பள்ளியே மூடப்படும். எனவே குளிர் குறைந்துவரும் ஆகஸ்டில் தொடங்கி, நவம்பரில் கல்வியாண்டு முடிவதற்குள் அறுவடை செய்யத் தக்க பயிர்களையே தேர்ந்தோம்: கொத்தமல்லி, பீன்ஸ், முள்ளங்கி, கீரைகள். பாகலுக்கு மட்டும் பண்ணையில் முன்னதாகவே நாற்று வளர்த்து வைத்திருந்தார்கள். பரங்கி நீண்ட காலப் பயிர் என்பதால், பண்ணைக்காரர்கள் முன்பே நட்டிருந்த கொடியிலேயே வேலை செய்தோம்.

பெரியவர்களுக்கு ஒரு விதி விதித்துக்கொண்டோம். குழந்தைகள் செய்த வேலையை அவர்கள் போன பிறகு யாரும் திருத்தக் கூடாது. கோணலாகப் போன வரிசை கோணலாகவே முளைக்க வேண்டும். பண்ணையின் மூத்தவர்களுக்கு இது எளிதாக இல்லை. நெருக்கமாக விதைத்த முள்ளங்கிப் பாத்தியைக் கடக்கும்போதெல்லாம் ஒரு பெரியவர் பெருமூச்சு விடுவார். ஆனால் கை நீட்டவில்லை. ஐந்து வாரம் கழித்துப் பிடுங்கியபோது நெருக்கத்தில் இருந்தவை விரல் பருமனில் திரிதிரியாகவும், ஓரத்தில் தள்ளி முளைத்தவை உருண்டு திரண்டும் வந்தன. இடைவெளி எதற்கு என்று அதன் பிறகு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மண் சொன்னதும் புட்டி சொன்னதும்

முதல் வருகையை மண்ணுக்கே கொடுத்தோம். பாடநூல்களில் வரும் எளிய சோதனை ஒன்று உண்டு. ஜாம் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண்ணைப் போட்டு, தண்ணீர் நிரப்பி, நன்கு குலுக்கி வைத்தால், மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் படியும். வண்டல் படியச் சில மணி நேரமாகும். களி ஒரு நாளுக்கு மேலும் கலங்கிக் கிடக்கும். படிந்த அடுக்குகளை அளந்தால் மண்ணின் தன்மை தெரியும். குழந்தைகள் செய்தார்கள். செம்பழுப்பு மண் கிட்டத்தட்ட முழுவதும் உடனே அடியில் படிந்து, மேலே தண்ணீர் தெளிந்துவிட்டது. பன்னிருவரும் குறிப்பேட்டில் ‘மணல்’ என்று எழுதினார்கள். நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

பண்ணையில் நெடுங்காலம் கரும்புக் கொல்லையில் உழைத்த பாட்டி ஒருவர் இருக்கிறார். அவர் பிரெஞ்சிலிருந்து உருவான இத்தீவின் பேச்சுமொழியான கிரியோலில்தான் பேசுவார். தமிழ்ச் சொற்கள் இடையிடையே வரும். புட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு பிடி மண்ணை நனைத்து ஆளுக்கொரு உருண்டையாகக் கொடுத்து, சப்பாத்தி மாவு போலப் பிசையச் சொன்னார். முதல் ஒரு நிமிடம் அது மணல் போலவே நறநறத்தது. விடாமல் பிசையப் பிசைய நறநறப்பு அடங்கி, வழுவழுப்பாகி, ஐந்தாம் நிமிடத்தில் விரலில் ஒட்டும் களியாயிற்று. கட்டைவிரலால் தள்ளினால் நாடா போல நீண்டது. குழந்தைகள் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வெப்ப மண்டலத்தில் நெடுங்காலம் மழையில் கரைந்து முதிர்ந்த எரிமலை மண்ணில் இரும்பு ஆக்சைடுகள் மிகுதி. அவை நுண்ணிய களித்துகள்களைச் சேர்த்துப் பிணைத்து மணல் அளவுக்குச் சிறு குருணைகளாக்கிவிடுகின்றன. தண்ணீரில் குலுக்கும்போது குருணைகள் உடைவதில்லை. மணல் போலவே சட்டெனப் படிகின்றன. கையால் அழுத்திப் பிசையும்போதுதான் உடைந்து களியாகின்றன. மழை பெய்தால் இந்த மண்ணில் தண்ணீர் தேங்காமல் இறங்கிவிடுவதும் அந்தக் குருணைகளால்தான். மறுநாள் வகுப்பறையில் இன்னொரு புட்டியில் ஒரு கரண்டி சலவைத் தூளும் சேர்த்து நெடுநேரம் குலுக்கி வைத்தோம். இம்முறை தண்ணீர் நாள் கணக்கில் கலங்கலாகவே இருந்தது. இந்தப் பருவத்தில் நடந்தவற்றுள் அறிவியல் பாடமாக இதையே நான் மிக உயர்வாக மதிக்கிறேன். ஒரு சோதனை தவறான விடையைத் தரலாம், அந்தத் தவறுக்கும் காரணம் உண்டு, அதை இன்னொரு சோதனையால் கண்டறியலாம் என்பதைப் பத்து வயதில் தங்கள் உள்ளங்கையில் அவர்கள் கண்டார்கள்.

காய்ந்த பாத்தி

இரண்டு வருகைகளுக்கு நடுவே யார் தண்ணீர் ஊற்றுவது என்பது எல்லாப் பள்ளித் தோட்டங்களையும் கவிழ்க்கும் கேள்வி. பண்ணைக்காரர்களே ஊற்றினால் செடி பிழைக்கும். ஆனால் அது குழந்தைகளின் செடியாக இராது. மாலைதோறும் இரு குழந்தைகள் பெற்றோருடன் வந்து பூவாளியில் ஊற்றிவிட்டுப் போகும்படி முறை வைத்தோம். முதல் மூன்று வாரம் ஒழுங்காக நடந்தது. நான்காம் வாரம், நீண்ட விடுமுறையோடு சேர்ந்த ஒரு வார இறுதியில், இவர்கள் அவர்கள் வருவார்கள் என்றும் அவர்கள் இவர்கள் வருவார்கள் என்றும் இருந்துவிட்டார்கள். கிழக்குக் கரையின் காற்று மண்ணை விரைவில் உலர்த்திவிடும். இரண்டிலை விட்டிருந்த பீன்ஸ் நாற்றுகள் பெரும்பாலும் கருகின.

பாட்டி எனக்குத் தொலைபேசியில் சொன்னார். நாற்றங்காலில் மாற்று நாற்றுகள் இருக்கின்றன, குழந்தைகள் வருவதற்குள் வைத்துவிடட்டுமா என்று கேட்டார். ஒரு நொடி தயங்கினேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். குழந்தைகள் அழுவார்கள், பெற்றோர் கோபிப்பார்கள், திட்டமே நின்றுபோகலாம் என்றெல்லாம் நினைத்தேன். பிறகு வேண்டாம் என்றேன்.

குழந்தைகள் வந்தார்கள். ஒருத்தி அழுதாள். ‘யார் முறை?’ என்று விரல் நீட்டும் பேச்சு எழுந்தது. அதை வளரவிடாமல் வகுப்பாசிரியர் அவர்களை உட்காரவைத்து, என்ன செய்யலாம் என்று கேட்டார். முறை அட்டையில் பெயருக்கு எதிரே, ஊற்றிய பின் கையொப்பமிட ஒரு கட்டம் வேண்டும் என்று ஒரு பையன் சொன்னான். இரண்டு பக்கமும் கரும்புச் சோகையால் மூடாக்குப் போட்டால் ஈரம் ஒரு நாளாவது கூடுதலாக நிற்கும் என்று பாட்டி சொன்னதை வைத்து, பாதிப் பாத்திக்கு மூடாக்குப் போட்டு, பாதியைத் திறந்துவிட்டு, விரலை மண்ணுக்குள் விட்டு ஈரம் பார்த்துக் குறித்தார்கள். மறுபடி விதைத்தார்கள். ஏழாம் நாள் முளை வந்ததை அந்த வாரம் முறையில் இருந்த குழந்தை பள்ளிக்கு ஓடிவந்து சொன்னபோது, வகுப்பு முழுவதும் எழுந்து நின்றது. பருவம் முடியும்வரை அந்த அட்டையில் ஒரு கட்டமும் காலியாக இல்லை.

எந்தப் பயிற்சிக் கையேடாவது இந்த இடத்தில் மாற்று நாற்று வைக்கச் சொன்னால் நான் அதை ஏற்கமாட்டேன். குழந்தையின் வேலையால் ஏதேனும் உண்மையாகவே கெடக்கூடும் என்ற நிலை இருந்தால்தான், அவ்வேலையால் ஏதேனும் உண்மையாகவே வளரவும் முடியும்.

பாகற்பிஞ்சுக்கு உறை

அக்டோபரில் பந்தலில் பாகல் பிஞ்சுவிட்டது. இங்கே கொடிக் காய்கறிகளின் முதல் எதிரி பழ ஈ. பெண் ஈ பிஞ்சின் தோலைத் துளைத்து முட்டையிடும். ஓரிரு நாளில் புழு வெளிவந்து உள்ளேயே தின்று வளர்ந்து, பிறகு மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகும். மருந்து தெளிக்காமல் தடுக்க வேண்டுமானால், பிஞ்சு விரல் நீளம் ஆகும் முன்பே காகித உறை போட்டுவிட வேண்டும். செய்தித்தாளை இரண்டடுக்காக மடித்து, குழல் போலச் சுருட்டி, காம்பருகே கட்டுவது குழந்தைக் கைகளுக்கு ஏற்ற வேலை. இறுகக் கட்டினால் காம்பு நசுங்கும், தளரக் கட்டினால் ஈ நுழையும். எந்த அளவு சரி என்பதை வாயால் சொல்ல முடியவில்லை. ஒவ்வொருவரும் இரண்டு மூன்று பிஞ்சுகளைக் கெடுத்தே கற்றார்கள்.

ஒரு கொடிக்கு மட்டும் உறை போடாமல் விடுவது என்று குழுக்கள் சேர்ந்து முடிவெடுத்தன. இரண்டு வாரம் கழித்து அந்தக் கொடியின் காய்கள் பெரும்பாலும் கோணிப் பழுத்திருந்தன. அறுத்தபோது வெள்ளைப் புழுக்கள் துள்ளிக் குதித்தன. உறைக்குள் இருந்தவை பெரும்பாலும் நேராகவும் பச்சையாகவும் இருந்தன. ஆனால் மழையில் நனைந்து கிழிந்த சில உறைகளுக்குள்ளும் புழு இருந்தது. அதைக் கண்ட குழந்தைகள், காகிதத்தை வாரம் ஒருமுறை மாற்ற வேண்டும் என்று குறிப்பேட்டில் எழுதினார்கள். புழு விழுந்த காய்களை உரக்குழியில் போடப் போன ஒருவனை இன்னொருத்தி தடுத்து, “அங்கே போட்டால் மண்ணுக்குள் போய் மறுபடி ஈயாகிவிடும்” என்றாள். அவற்றைக் கறுப்புப் பையில் இறுகக் கட்டி வெயிலில் வைத்தார்கள்.

பரங்கிப் பூவில் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின்மேல் தடவி மகரந்தம் சேர்த்ததையும், உரக்குவியலுக்குள் செருகிவைத்த இரும்புக் கம்பியை உருவித் தொட்டுப் பார்த்து, தீயின்றி இத்தனை சூடா என்று வியந்ததையும் விரிக்காமல் விடுகிறேன். நன்றாக அமைந்த குவியலின் நடுப்பகுதி 55 முதல் 65 பாகை செல்சியஸ் வரை சூடாகும் என்பதை அளந்து காட்ட வெப்பமானி இருந்தது. அவர்கள் நம்பியது கம்பியைத்தான்.

நாவில் இருந்த தமிழ்

மொரீசியஸ் தொடக்கப் பள்ளிகளில் தமிழ் ஒரு விருப்பப்பாடம். இந்தி, உருது, தெலுங்கு, மராத்தி முதலியனவும் அவ்வாறே. 2012 முதல் கிரியோலும் அந்த வரிசையில் சேர்ந்தது. வீட்டில் அநேகமாக எல்லாரும் பேசுவது கிரியோல்தான். எனவே தமிழ் வகுப்புக் குழந்தைக்கும் தமிழ் என்பது பெரும்பாலும் எழுத்தாகவும் கோவிலில் கேட்கும் பாட்டாகவும் இருக்கும் மொழி. பண்ணைக்கு வந்ததோ வகுப்பு முழுவதும். எந்த மொழி படிப்பவர் என்ற பிரிவு அங்கே இல்லை.

கொத்தமல்லி விதைத்த நாளில் பாட்டி அதைக் ‘கோத்தோமிலி’ என்றார். கிரியோலில் அதற்கு அதுதான் பெயர். நான் பாத்தியில் நட்ட பலகையில் ‘கொத்தமல்லி’ என்று எழுதியதை உரக்கப் படித்த சிறுமி சட்டென நிமிர்ந்து, “மிஸ், கோத்தோமிலி தமிழா?” என்று கேட்டாள். அதன் பிறகு தேடல் தொடங்கியது. கறிவேப்பிலை அவர்கள் வாயில் ‘காரிபுலே’. முருங்கைக் கீரை ‘பிரேத் முரும்’. பீர்க்கங்காய் ‘பிப்பாங்காய்’. உருது படிக்கும் பையன், இந்தி படிக்கும் பெண், கிரியோல் படிக்கும் பிள்ளை எல்லாரும் பிறந்தது முதல் இந்தத் தமிழ்ச் சொற்களைத் தங்கள் சொற்களாகவே சொல்லி வந்திருக்கிறார்கள். சௌசௌவுக்கும் கிரியோலில் ஏறத்தாழ அதே பெயர் என்று கண்டதும், அதுவும் தமிழ்தான் என்று ஒரு பையன் உறுதியாகச் சொன்னான். அந்தக் கொடியின் தாயகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் என்பதால் பெயர் தமிழிலிருந்து போயிருக்க முடியாது என்று விளக்க வேண்டியிருந்தது. அவன் ஏமாந்தாலும், ஒலி ஒத்திருப்பது சான்றாகாது என்பதை அன்று குறித்துக்கொண்டான்.

தமிழ் ஆசிரியையாக எனக்கு இது பெரிய செய்தி. படத்தில் இருக்கும் காயின் பெயரை மனப்பாடம் செய்யும் குழந்தை தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறது. விதையை உள்ளங்கையில் தேய்த்து இரண்டாகப் பிளந்து, பத்து நாளுக்கு மேல் காத்திருந்து, முளைத்ததும் கிள்ளி முகர்ந்த குழந்தைக்குக் ‘கொத்தமல்லி’ மறப்பதில்லை. பிள, தூவு, மூடு, கிள்ளு, பறி என்ற வினைகள் எல்லாம் கையோடு சேர்ந்து வந்தன. பெயர்ச்சொல் பட்டியலாகவே ஓடிக்கொண்டிருந்த என் வகுப்பில் வினைச்சொற்கள் பெருகியது அந்தப் பருவத்தில்தான்.

காப்பும் செலவும்

முதல் ஆண்டின் குளவிக் கொட்டுக்குப் பிறகு, குழந்தைகள் வருவதற்கு முன் ஒருவர் இலைகளின் அடிப்பகுதிகளைப் பார்த்துவிடுவது வழக்கமாயிற்று. நத்தையின் கோழையில் மூளையைத் தாக்கும் நுண்புழு இருக்கக்கூடும். எலிச் சிறுநீர் கலந்த ஈரமண்ணால் எலிக்காய்ச்சல் வரக்கூடும். எனவே நத்தையைக் கையால் தொடக் கூடாது, மூடிய காலணி கட்டாயம், காயம் இருந்தால் கட்டுப்போட்ட பிறகே வேலை, கழுவாத இலையை வாயில் வைக்கக் கூடாது, புறப்படும் முன் சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும் என்ற ஐந்தையும் குழந்தைகளே பலகையில் எழுதிவைத்தார்கள். பண்ணை நடந்துபோகும் தொலைவில் இருந்ததால் எங்களுக்குச் செலவு குறைவு. விதையும் கருவியும் பண்ணை கொடுத்தது. வண்டி பிடிக்க வேண்டிய பள்ளிக்கு ஆறு முறை வருவது பாரம்தான். அப்படிப்பட்ட பள்ளி ஒன்று கேட்டபோது, வகுப்பு முழுவதையும் ஒருமுறை அழைத்துவருவதைவிட ஒரே குழுவை மூன்று முறை அழைத்து வாருங்கள் என்றே சொன்னேன். மற்றக் குழந்தைகளுக்கு அநீதி ஆகாதா என்று கேட்டார்கள். கேள்வி சரியானது, எனக்கு இன்னும் நிறைவான பதில் இல்லை.

பள்ளி நேரம் இதைவிடக் கடினமான தடை. ஆறாம் வகுப்பில் வரும் தொடக்கப் பள்ளி இறுதித் தேர்வை நினைத்து ஐந்தாம் வகுப்பிலேயே பெற்றோர் மணிநேரங்களை எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள். பண்ணையில் எடுத்த அளவுகளைக் கொண்டே கணக்குப் பாடத்தின் வரைபடங்களைப் போட வைத்த வகுப்பாசிரியரின் சாமர்த்தியத்தால்தான் எங்களுக்கு நேரம் கிடைத்தது.

நவம்பரில்

முந்தைய ஆண்டு கேட்டதையே மறுபடி கேட்டேன்: பரங்கிக்காய் எங்கே, எப்படிக் காய்க்கிறது என்று வரையுங்கள். முப்பத்தாறு பேரில் மரத்தை வரைந்தவர் ஒருவருமில்லை. பெரும்பாலோர் பெண் பூவின் அடியில் சிறு பிஞ்சை வரைந்து, பக்கத்தில் தனிக்காம்பில் ஆண் பூவையும் போட்டிருந்தார்கள். ஓர் ஓவியத்தில் பிஞ்சு வாடி உதிர்வதுபோல இருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, “அன்றைக்கு நாங்கள் காலையில் தாமதமாக வந்தோம், பூ மூடிவிட்டது” என்றான். இரண்டு வகுப்புகளும் வேறு வேறு குழந்தைகள் என்பதால் இந்த ஒப்பீட்டை மிகைப்படுத்தக் கூடாது. ஆனாலும் தாமதமாக வந்ததால் உதிர்ந்த பிஞ்சை வரைய, அந்தப் பிஞ்சை மறுபடி வந்து பார்த்திருக்க வேண்டும்.

கடைசி வருகையில் ஏழு கறி சமைத்தோம். காவடி முதலிய விழாக்களில் வாழையிலையில் ஏழு கறி பரிமாறுவது இத்தீவுத் தமிழர் வழக்கம். இன்று எல்லாச் சமூகத்தாரும் விரும்பி உண்பது. ஏழில் நான்கு குழந்தைகளின் பாத்தியிலிருந்து வந்தவை. பாகற்காயை முதன்முறையாக வாயில் வைத்த பலர் முகத்தைச் சுளித்துக்கொண்டே முழுவதும் தின்றார்கள். கூட்டத்தில் கேள்வி கேட்ட தாய் அன்று பரிமாறினார்.

அன்று மாலை ஒவ்வொரு குழுவும் வேலியோரம் முழங்கை நீள முருங்கைப் போத்துகளை நட்டுவிட்டுப் போனது. இந்த ஆண்டு அவர்கள் ஆறாம் வகுப்பு. திட்டத்தில் அவர்களுக்கு இடமில்லை. பிப்ரவரி மாத மழைக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை, யாரும் அழைக்காமல் ஐந்து பேர் வந்து வேலியோரம் நடந்து எண்ணியதாகப் பாட்டி சொன்னார். பன்னிரண்டில் ஒன்பது துளிர்த்திருந்தன. காய்ந்த மூன்றைப் பிடுங்கிவிட்டு, துளிர்த்த ஒன்றிலிருந்து இப்போதே போத்து வெட்டலாமா என்று கேட்டார்களாம். கிளை கட்டைவிரல் பருமனாவது ஆகட்டும், அடுத்த ஆண்டு வாருங்கள் என்று அனுப்பியிருக்கிறார்.